ஈரமான சோப்பு

காஜாக்கா வாயைத் திறந்தால் அன்றைக்கு மழை வரும் என்று தையல் கம்பெனியில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கேட்டுக்கொண்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் உதட்டை லேசாக விரித்துவிட்டு, அடுத்த சட்டையை எடுப்பாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனி அது. கடைசி வரிசையில், சுவரோரம் காஜா மெஷின். பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூலோட்டுவதுதான் அவள் வேலை. ஒரு சட்டைக்கு ஏழு காஜா. ஓட்டி முடித்ததும் பிசிர் நூலை வெட்டி, விரலால் தடவிப் பார்த்து, அடுக்கில் வைக்க வேண்டும். ஒரு பிசிர் நீட்டிக்கொண்டிருந்தாலும் செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் திரும்பி வந்த பீஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறொரு பெயர் இருக்கிறது. சம்பள நாளில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், அவளே ஒரு நொடி கழித்துத்தான் எழுந்திருப்பாள்.

புருஷன் பிளம்பர். மூன்று வருஷத்துக்கு முன்னால், எட்டு மாதம் படுக்கையில் கிடந்து செத்துப்போனார். அவர் இருந்தவரை வீட்டில் பேச்சு, பாட்டு, சண்டை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். போனபிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. காலையில் எழுந்தாள், குளித்தாள், ஒரு பிடி பொங்கித் தின்றாள், வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தது நாளெல்லாம். அவர் கட்டிலில் கிடந்த முன்னறையில் அவள் படுப்பதில்லை. சமையலறைத் தரையில், அடுப்பு மேடைக்குக் கீழே, பாயை விரித்துக்கொள்வாள். விளக்கும் அந்த அறையில் மட்டும்தான் எரியும்.

வீட்டு வரி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதைக் கட்டுவதெல்லாம் அவர் வேலை. நகராட்சியிலிருந்து வந்த கவர்களை வாங்கி வாங்கி டிவிக்கு அடியில் செருகி வைத்தாள். பிரிக்காத கவரில் இருக்கும் சேதி வீட்டுக்குள் வராது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நான்காவது கடிதம் கவரில் வரவில்லை. சிவப்பு எழுத்தில் அடித்து, வாசல் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அதை அவளுக்கு முன்னால் தெருவே படித்துவிட்டது.

"அக்கா, ஒட்டிட்டுப் போயிட்டாங்கக்கா!" வேலை முடிந்து வந்தவளைத் தெருமுனையிலேயே மடக்கினாள் பக்கத்து வீட்டுக்காரி. இவள் புருஷன் எலக்ட்ரீஷியன். அதனால் தெருவில் இவளுக்குக் கரண்ட்டு என்று பெயர். பேச்சும் அப்படித்தான், சுவிட்சு கிடையாது. "மூணு வருஷம் கட்டலையாம். அபராதம் வேறயாம். ரெண்டு மாசத்துல கட்டலைன்னா வீட்டுக்குச் சீல் வச்சு ஏலம் விட்டுடுவாங்களாம். நான் ரெண்டு தடவை படிச்சேன். ஏங்கா, உங்களுக்குத் தெரியாதா?"

காஜாக்கா கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். ஒரு மூலையில் பசை காயாமல் காகிதம் தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு உள்ளே போனாள்.

"இவங்க என்ன, இன்னும் கெட்டியா ஒட்டிட்டுப் போறாங்க" என்றாள் கரண்ட்டு, யாரிடம் என்றில்லாமல்.

விஷயம் மகள் காதுக்கும் போனது. மகள் வேறு ஊரில், மாமனார் மாமியாரோடு இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறாள். "வித்துட்டு இங்க வந்துடும்மா. ஒத்தையில அங்க என்ன பண்ணப்போற? ஹால்ல சோபா இருக்குல்ல, நீ அதுல படுத்துக்கலாம்" என்றாள் போனில். நல்ல மனசோடுதான் சொன்னாள். காஜாக்கா அந்த சோபாவை நினைத்துப் பார்த்தாள். ராத்திரி பத்துவரை அதில் சம்பந்தி உட்கார்ந்து டிவி பார்ப்பார். அவர் எழுந்து போகிறவரை இவள் எங்கே நிற்பது என்று யோசித்தாள். "சரி, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்தான் வழி சொன்னார். துணியை வெட்டுகிற கையாலேயே எல்லாருடைய மனு, ஃபாரம், விண்ணப்பம் எல்லாம் எழுதிக் கொடுக்கிற ஆள். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"அக்கா, கம்மி வருமானக்காரங்களுக்கு வீட்டு வரியில சலுகை இருக்குக்கா. முக்கால்வாசி தள்ளுபடி. பழைய அபராதமும் போயிடும். மூணே மூணு கண்டிஷன்தான். ஒரே ஒரு வீடுதான் இருக்கணும், அதுல நீங்களே குடியிருக்கணும், சம்பளம் அவங்க சொல்ற அளவுக்குள்ள இருக்கணும். மூணும் உங்களுக்கு இருக்கு. பேசாம எழுதிப்போடுங்க."

"எப்பவும் பேசாமத்தானே இருக்காங்க!" என்று பட்டன் தைக்கிறவள் குரல் கொடுக்க, வரிசையே சிரித்தது.

ஃபாரத்தைச் சாப்பாட்டு நேரத்தில் அவளே நிரப்பினாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும் எழுத்து மணிமணியாக இருக்கும். மாஸ்டர் வாங்கிச் சரிபார்த்தார். ஓரிடத்தில் பேனா நின்றது.

"வீட்டுல குடியிருக்கறவங்க எத்தனை பேர்னு கேட்டிருக்கான். ரெண்டுன்னு போட்டிருக்கீங்களேக்கா?"

அவள் பார்த்தாள். ரெண்டு என்றுதான் இருந்தது. கை தானாகப் போட்டிருந்தது. மாஸ்டர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதி, "திருத்தின இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். போட்டாள்.

பத்து நாளில் பதில் வந்தது. வரும் புதன்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் பில் கலெக்டர் வீட்டைப் பார்க்க வருவார் என்று எழுதியிருந்தது.

கரண்ட்டு அதைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பார்க்க வர்றாங்களா? அப்ப இந்த ஃப்ரிட்ஜை என்ன பண்ணப்போறீங்க?"

"ஏன்?"

"ஏனா? ஃப்ரிட்ஜும் டிவியும் வச்சுக்கிட்டு ஏழைன்னு சொன்னா எவன் நம்புவான்? என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஒரு உதவித்தொகை கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம போச்சு. வந்தவன் நேரா கிச்சனுக்குப் போயி மிக்ஸியைப் பார்த்தானாம், திரும்பிப் போயிட்டானாம். எடுங்கக்கா எல்லாத்தையும். எங்க வீட்டுல போட்டுக்கலாம், ஒரு நாள்தானே."

காஜாக்காவுக்கு அதில் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை, உண்மை இருப்பதாகவும் தோன்றவில்லை. சொன்னால் செய்வாள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எலக்ட்ரீஷியனும் அவர் மச்சானும் வந்து, மூன்று வருஷமாக அணைத்தே கிடந்த ஃப்ரிட்ஜைத் தூக்கினார்கள். டிவி போனது. பீரோவும் சீலிங் ஃபேனும் அதன் பின்னாலேயே போயின. முன்னறைக் கட்டிலைக் கழற்றி எடுத்தபோது மட்டும் அவள் பின்பக்கம் போய், காய்ந்த துணி எதுவும் இல்லாத கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது போதும்க்கா. ஒரு பாய், ஒரு குடம், தட்டு, டம்ளர், அடுப்பு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் கரண்ட்டு.

அங்கே நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பத்தொன்பது வருஷம் பிசிர் வெட்டிய கை சும்மா இருக்குமா? புதன்கிழமை விடிந்ததும் அவள் வீட்டைச் சட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அடுப்பு இரண்டு பர்னர் அடுப்பு, கண்ணாடி மேல்தட்டு வேறு. அதைத் தூக்கி மதில் சுவருக்கு மேலாகக் கொடுத்தாள். பாய் போன மாதம் வாங்கியது, பூப்போட்டது, பளபளவென்று இருந்தது. அதையும் சுருட்டிக் கொடுத்தாள். குடம் தட்டு டம்ளரெல்லாம் எவர்சில்வர், அவையும் போயின. குளியலறையில் மகள் வாங்கி வந்த வாசனை சோப்பு இருந்தது. ஆறு கட்டியாக வந்த பாக்கெட்டில் மிச்சம் இருந்ததையும், தேய்த்துக்கொண்டிருந்ததையும் ஒரு பையில் போட்டாள். சீப்பும் கண்ணாடியும் பிரஷும் அதோடு சேர்ந்தன. பிறகு நாலு அறையையும் கூட்டித் துடைத்து, துடைத்த துணியையும் பிழிந்து கொடுத்துவிட்டாள். கடைசியில் அந்த வீட்டில் அவளும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தார்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பில் கலெக்டர் பதினொன்றரைக்கு வந்தார். ஓய்வுக்கு ஓரிரு வருஷம் இருக்கும் வயது. கக்கத்தில் கோப்பு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஈரம் மின்னும் தரையில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"இங்க யாரும்மா குடியிருக்கறது?"

"நான்தான்."

குரல் வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவர் ஒவ்வொரு அறையாகப் போனார். கூரையில் ஃபேன் இருந்த கொக்கியை அண்ணாந்து பார்த்தார். சமையலறை மேடையைக் கையால் தடவினார்.

"எங்க சமைக்கிறீங்க?"

அவள் மேடையைப் பார்த்தாள். அடுப்பு பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"எங்க படுக்கிறீங்க?"

தரையைக் காட்டினாள்.

"மாத்துத் துணி?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் குளியலறைக் கதவைத் திறந்து, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, குனிந்து சோப்பு வைக்கும் மாடத்தைப் பார்த்தார். வெறும் மாடத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"வாடகைக்கு விடறதுக்காகக் காலி பண்ணி வச்சிருக்கீங்களாம்மா? சும்மா சொல்லுங்க."

தலையை ஆட்டினாள். இல்லை என்றுதான் ஆட்டினாள். அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் இரண்டு வரி எழுதினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடிதம் அடுத்த வாரமே வந்துவிட்டது. மாஸ்டர் கம்பெனியில் உரக்கப் படித்தார். "வீடு காலியாக உள்ளது. உரிமையாளர் அதில் குடியிருப்பதாகத் தெரியவில்லை. எனவே சலுகை மறுக்கப்படுகிறது."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "ஏங்கா, தினமும் சாயங்காலம் எங்கதான் போறீங்க?" என்று பட்டன்காரி கேட்டாள். காஜாக்கா சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தும் இந்தத் தடவை உதடு விரியவில்லை. சிரிப்பு ஒவ்வொரு மெஷினாக நின்றது. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அடுப்பையுமாக்கா கொடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்கு. பதினஞ்சு நாள் டைம். ஆனா நீங்களே ஆபீசுக்குப் போயி வாயைத் திறந்து பேசணும். அதை நான் எழுதித்தர முடியாது."

அன்று மெஷினில் உட்கார்ந்தபோது அந்த வரி கூடவே ஓடியது. குடியிருப்பதாகத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த மனுஷன் தப்பாக எழுதவில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. அவர் கண்ணில் படுகிற மாதிரி அந்த வீட்டில் அவள் மூன்று வருஷமாக என்ன செய்தாள்? இப்படி நினைத்ததில் வருத்தம்கூட வரவில்லை. அடுத்த காஜா, அடுத்த காஜா என்று போய்க்கொண்டிருந்தது.

அரை நாள் லீவு போட்டு நகராட்சிக்குப் போனாள். மூன்றாம் கவுன்ட்டரில் வரிசை. பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள். அவளை யாரும் தள்ளவில்லை. அவள் நிற்பது கண்ணில் படாததால் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து, கவுன்ட்டர் பெண் தலையை நிமிர்த்தியபோது எதிரே அவள்தான் இருந்தாள்.

"என்ன வேணும்?"

"நான் அந்த வீட்டுலதான் இருக்கேன்."

"எந்த வீடு?"

"என் வீடு."

"இருங்க. அதுக்கு என்ன இப்போ?"

"இல்லைன்னு எழுதியிருக்கு." கடிதத்தை நீட்டினாள்.

அந்தப் பெண் படித்தாள். "குடியிருக்கறதுக்கு ஆதாரம்? கரண்ட் பில் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொண்டு வந்திருந்தாள், மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இது? பூட்டிப்போட்ட வீட்டுக்குத்தான் இப்படி வரும். லைட்டே போட மாட்டீங்களா?"

"ஒரு லைட்டு போடுவேன்."

கவுன்ட்டர் பெண் அவள் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். சீல் குத்தி மனுவை வாங்கிக்கொண்டாள். "மறுபடி வந்து பார்ப்பாங்க. என்னைக்குன்னு சொல்ல மாட்டாங்க. இந்தத் தடவையும் காலின்னு எழுதிட்டா அதுக்கு மேல எங்க கையில ஒண்ணும் இல்லைம்மா. முழு வரி, அபராதம் எல்லாம் கட்டணும். இல்லைன்னா ஏலம்தான்."

முடிவு தெரியட்டும் என்று பக்கத்து வீட்டிலேயே விட்டிருந்த சாமான்களெல்லாம் மதில் தாண்டித் திரும்பி வந்தன. எலக்ட்ரீஷியனுக்குத்தான் அதில் சந்தோஷம். "உங்க பீரோவுக்கும் எங்க சுவருக்கும் நடுவுல ரெண்டு வாரமா நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கறேன். இன்னைக்குத்தான் நேரா நடக்கறேன்" என்றார்.

கரண்ட்டு மட்டும் அன்றைக்கு ஃபியூஸ் போனவள்போல இருந்தாள். "என் வாயில ரெண்டு போடணும்க்கா. உங்க வீட்டை நானே காலி பண்ணிட்டேன்."

"சோப்பு நான்தான் கொடுத்தேன்" என்றாள் காஜாக்கா. ஆறுதலுக்குச் சொன்னாளா, கணக்குக்குச் சொன்னாளா தெரியவில்லை.

கட்டிலை அவள் சொல்லாமலேயே சமையலறைக்கு அடுத்த நடு அறையில் பொருத்திப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேலே ஃபேனும் மாட்டியிருந்தது. மாற்றிப் போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குப் பேச வேண்டுமே. பேசாமல் அதிலேயே படுத்தாள். முதுகுக்குக் கீழே தரை இல்லாதது இரண்டு மூன்று நாள் வித்தியாசமாக இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

பில் கலெக்டர் வந்தது அவளுடைய வார விடுமுறை நாளில், காலை ஒன்பது மணிக்கு. அவள் தலைக்குக் குளித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை. வாசலில் அதே கோப்பைக் கண்டதும் கையிலிருந்த ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு வந்தாள். உள்ளே ஃப்ரிட்ஜ் நிற்கிறது, டிவி நிற்கிறது, இரண்டு பர்னர் அடுப்பு எரிகிறது. இப்போது இவர் என்ன எழுதப்போகிறார்?

அவர் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்.

"போன தடவை இதெல்லாம் எங்கம்மா போச்சு?"

"பக்கத்து வீட்டுல இருந்தது."

"ஏன்?"

"இருந்தா சலுகை தரமாட்டீங்கன்னு."

மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஒரு தலை சட்டென்று கீழே போனது.

பில் கலெக்டர் கோப்பைத் திறந்து, அவள் கொடுத்த ஃபாரத்தை எடுத்து அவள் முன் நீட்டினார். "இதுல ஃப்ரிட்ஜைப் பத்தி எங்கயாவது கேட்டிருக்கா, பாருங்க. உங்க சம்பளம் என்ன, வீடு ஒண்ணா, நீங்க அதுல இருக்கீங்களா, இதைத்தானே கேட்டிருக்கு? ஃப்ரிட்ஜுல நீங்க எதை வேணா வச்சுக்கோங்க, எனக்கென்ன?"

அவள் ஃபாரத்தைப் பார்த்தாள். அவள் எழுத்துத்தான். அடித்த ரெண்டும், பக்கத்தில் ஒன்றும், கையெழுத்தும் அப்படியே இருந்தன.

அவர் அறைகளை அவ்வளவாகப் பார்க்கவில்லை. முன்னறை வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நேரே குளியலறைக்குப் போனார். மாடத்தில் வாசனை சோப்பு இருந்தது. ஒரு விரலால் அதைத் தொட்டு, விரலைப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸும்மா. கட்டிலைக் கொண்டு வந்து போடுவாங்க, காலண்டர் மாட்டுவாங்க, செருப்பு நாலு ஜோடி வைப்பாங்க, ஆள் இருக்கற மாதிரியே இருக்கும். சோப்பை மட்டும் மறந்துடுவாங்க. காஞ்சு வெடிச்சுக் கிடக்கும். நான் மத்த எதையும் நம்பறதில்லை. போன தடவை உங்க வீட்டுல காஞ்ச சோப்புகூட இல்லை. என்ன எழுதச் சொல்றீங்க?"

அவர் பேனாவைத் திறந்தார்.

"இந்தத் தடவை ஃபாரத்தைப் பார்த்து எழுதக் கூடாது, கேட்டுத்தான் எழுதணும். குடியிருக்கறவங்க எத்தனை பேரு?"

பேனா காகிதத்துக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. துண்டிலிருந்து தண்ணீர் அவள் பின்கழுத்தில் இறங்கியது.

"ஒருத்தர்."

அவர் எழுதவில்லை. "யாரு?"

"நான். நான் இங்கதான் இருக்கேன்."

"அவ்வளவுதான்" என்று எழுதிக்கொண்டார். செருப்பை மாட்டும்போது, "போய் உலையைப் பாருங்கம்மா" என்றார்.

சலுகைக் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. முக்கால்வாசி தள்ளுபடி, அபராதம் ரத்து. மிச்சத்தை ஆறு தவணையில் கட்டலாம், சலுகையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். மாஸ்டர் படித்து முடித்ததும் வரிசையே கைதட்டியது. பட்டன்காரி, "பேசினாங்களாமே! மழை வரும், துணியெல்லாம் எடுங்கடி" என்றாள். காஜாக்கா கடிதத்தை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். சந்தோஷம் வருகிறதா என்று ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தாள். வரவில்லை. அந்த சோபாவில் படுக்க வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது. அன்றைக்கு எண்பத்தாறு சட்டை முடித்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். கதவில் சிவப்பு நோட்டீஸைக் கிழித்த இடத்தில், அவள் அழுத்தி ஒட்டிய மூலை மட்டும் இன்னும் போகாமல் இருந்தது. முகம் கழுவப் போனாள். காலையில் தேய்த்த சோப்பு மாடத்தில் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால், அடியில் இன்னும் ஈரம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குழாயைத் திறந்து முகத்துக்குத் தேய்க்க ஆரம்பித்தாள்.